இதழ் பதித்த ஆரஞ்சு பாத் பாம்: நுரை அடங்கிய பிறகு பார்க்க வேண்டும்

உறையைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிற ஆரஞ்சு வாசனையை வைத்து பாத் பாமுக்கு, அதாவது குளியல் தொட்டி நீரில் போட்டுக் கரைக்கும் வாசனை உருண்டைக்கு, மதிப்பெண் போடக் கூடாது. தண்ணீரில் போட்டதும் சீறுகிறதே, அதை வைத்தும் போடக் கூடாது. அந்தச் சீற்றத்தை ஒரு ஈனோ பாக்கெட்டும் காட்டும். சீற்றம் அடங்கியபின் இருபது நிமிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது, வடித்தபின் தொட்டி எந்தக் கோலத்தில் கிடக்கிறது, இந்த இரண்டையும் பார்த்தால்தான் கொடுத்த காசு தகுமா என்பது தெரியும்.

இங்கே எடுத்துக்கொண்டது சிறு தயாரிப்பாளர்கள் கையால் அழுத்திச் செய்து விற்கும் வகை. எடை 120 கிராம், விட்டம் 6 சென்டிமீட்டர். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் சிறிசு. ஒரு பக்கத்தில் காய்ந்த ரோஜா இதழும், காலண்டுலா என்ற ஆரஞ்சு நிறப் பூவின் இதழும் பதித்திருக்கிறது. வாசனைக்கு ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள். விலை 250 ரூபாய். கிட்டத்தட்ட இதே செய்முறை பல பெயர்களில், பல பெட்டிகளில் கிடைப்பதால் பெயரை விட்டுவிட்டு லேபிளைப் பார்ப்போம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பது. 1989-இல் இங்கிலாந்தின் பூல் நகரில் மோ கான்ஸ்டன்டைன் தன் தோட்டக் கொட்டகையில் முதல் பாத் பாமைச் செய்தபோது இருந்த அடிப்படைதான் இன்றைக்கும்: ஆப்ப சோடா இரண்டு பங்கு, சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு, இரண்டும் உலர்ந்த நிலையில். தண்ணீர் பட்டதும் வினை தொடங்குகிறது. 120 கிராம் உருண்டையில் சோடா 60 கிராம், சிட்ரிக் அமிலம் 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறும். அந்த 30 கிராம் அமிலத்துக்கு 39 கிராம் சோடாவே போதும். மீதி 21 கிராம் வேண்டுமென்றே கூடுதலாகப் போடுவது: அமிலம் மிஞ்சினால் தோல் எரியும், உருண்டையும் பிசுபிசுக்கும். அதனால் குளிக்கிற தண்ணீர் இலேசான காரத்தன்மையோடுதான் இருக்கும், பிஎச் 8-ஐ ஒட்டி. நம் தோலின் இயல்பு 5-ஐ ஒட்டியது. தினமும் ஊறுவதற்கான பொருள் இது அல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் குறையில்லை.

இனி லேபிள். சோடியம் பைகார்பனேட், சிட்ரிக் ஆசிட், சோள மாவு, தேங்காய் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய், வாசனைப்புல் எண்ணெய், பாலிசார்பேட் 80, சி.ஐ. 19140, சி.ஐ. 15985, உலர் இதழ்கள். ஒளிவுமறைவு இல்லாத பட்டியல், அதற்குப் பாராட்டு. வெறுமனே ‘பர்ஃபம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற தயாரிப்புகள் அதிகம். கடைசியில் வருகிற இரண்டு எண்களும் சாயங்கள்: முதலாவது டார்ட்ரசின் மஞ்சள், இரண்டாவது சன்செட் யெல்லோ. கேசரியிலும் லட்டிலும் போடுவதற்கு அனுமதி உள்ள அதே சாயங்கள்தான். ‘எப்சம் உப்பு சேர்த்தது’ என்று பெட்டியின் முன்பக்கத்தில் அடித்து விற்கிறவையும் உண்டு; அதற்காக 50 ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், கரைத்துக் குளிக்க வழக்கமாகச் சொல்லும் அளவு 250 முதல் 500 கிராம். ஓர் உருண்டைக்குள் இருக்கிற பத்துப் பதினைந்து கிராம் பெயருக்குத்தான்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய பெயர் பாலிசார்பேட் 80. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது தெரிந்ததுதான். அவற்றைச் சேர்த்துவைக்கும் பால்மமாக்கி இது. இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயும் வாசனை எண்ணெயும் மேலே படலமாக மிதக்கும், சாயம் அந்தப் படலத்தில் ஒட்டும், தண்ணீர் வடியும்போது இரண்டும் சேர்ந்து தொட்டியைச் சுற்றி ஒரு வளையம் போடும். தொட்டியின் அடியோ எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளின் குளியலறைத் தரையைப் போல வழுக்கும். வாங்கிய உருண்டையில் இது போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓரத்தில் சுரண்டி ஒரு டீஸ்பூன் தூளை 200 மில்லி வெதுவெதுப்பான நீரில், கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே ரசத்தில் மிதப்பதுபோல எண்ணெய்ப் பொட்டுகள் தெரிந்தால் போதவில்லை என்று அர்த்தம். நீர் ஒரே சீராகக் கலங்கலாக இருந்தால் சரி. இந்த உருண்டை நடுவில் நின்றது: பொட்டுகள் இருந்தன, ஆனால் சின்னவை. தொட்டியிலும் அதே முடிவுதான் வந்தது. நீர்மட்டம் நின்ற இடத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஒன்று. பாத்திரம் துலக்கும் திரவத்தை ஸ்பாஞ்சில் தொட்டுத் துடைத்தால் உடனே போய்விடுகிறது. மறுநாள்வரை விட்டால் இரண்டு தடவை தேய்க்க வேண்டும்.

போடுகிற முறையில் பலரும் செய்கிற தப்பு, குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற நீருக்கு அடியில் உருண்டையைப் போடுவது. நீரின் வேகத்தில் அது உடைந்து ஒரே நிமிடத்தில் கரைந்துவிடும். தொட்டி நிரம்புவதற்குள் வாயுவும் வாசனையும் போய்விடும், குளிப்பவருக்கு மிச்சம் வெறும் சோடாத் தண்ணீர். முதலில் தொட்டியை நிரப்புங்கள். 120 லிட்டருக்கு ஓர் உருண்டை கணக்கு. குழாயை மூடிவிட்டுச் சூட்டைப் பாருங்கள். 37, 38 டிகிரி போதும், முழங்கையை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுரீர் என்று இருக்கக் கூடாது. 40-க்கு மேலே போனால் சிட்ரஸ் வாசனை இன்னும் சீக்கிரம் ஆவியாகும், தலையும் கிறுகிறுக்கும். பிறகு இதழ்ப் பக்கம் மேலே இருக்கும்படி உருண்டையை மெதுவாக விடுங்கள். இந்த உருண்டை முதலில் மூழ்கி, சில நொடிகளில் மேலெழுந்து, சுழன்றுகொண்டே மூன்றரை நிமிடத்தில் கரைந்தது. நல்ல அழுத்தம். அடியிலேயே கிடந்து கரைவது அளவுக்கு மீறி இறுக்கிச் செய்தது. அங்கேயே சாயம் தேங்கிக் கறை விடும். ஒன்றரை நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்வது தளர்ந்தது, அல்லது ஏற்கெனவே ஈரம் வாங்கியது. சீற்றம் நின்றதும் கையால் ஒருமுறை நன்றாகக் கலக்கிவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கலக்காமல் இறங்கினால் மேலே மிதக்கும் எண்ணெய் மொத்தமும் முதலில் நுழைகிற காலில் ஒட்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. எலுமிச்சை என்றதும் மஞ்சள் சாயம் மட்டும் போடுகிறவர்கள், தொட்டியில் தெளிந்த மஞ்சள் தண்ணீர் பார்ப்பவருக்கு எதை ஞாபகப்படுத்தும் என்பதை யோசிப்பதில்லை. இதில் ஆரஞ்சும் சேர்ந்திருப்பதாலும் சோள மாவு கொஞ்சம் கலங்கல் கொடுப்பதாலும் அந்தச் சங்கடம் இல்லை.

வாசனைதான் சிட்ரஸ் பாமின் உயிர், பலவீனமும் அதுதான். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள். எலுமிச்சை எண்ணெயிலும் பெரும்பங்கு அதுதான். இலேசான மூலக்கூறு, வெந்நீரில் நிற்காது. இதில் எலுமிச்சை ஐந்து நிமிடத்தில் மறைந்தது, ஆரஞ்சு பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு மூக்குக்குத் தெரிந்தது வாசனைப்புல் மட்டும். வாசனைப்புல்லில் இருக்கும் சிட்ரால் கொஞ்சம் தங்கும், விலையும் மலிவு. அதனால்தான் செய்பவர்களுக்குப் பிடிக்கிறது. அளவு மீறினால் குளியலறையில் பாத்திரம் துலக்கும் சோப்பு வாசனை வந்துவிடும். இங்கே அந்த எல்லையைத் தொட்டுவிட்டு நின்றிருக்கிறார்கள். சிட்ரஸைத் தங்கவைக்க நல்ல வழி, லிமோனீனின் ஒரு பகுதியை நீக்கிச் செறிவூட்டிய ஆரஞ்சு எண்ணெயைப் பயன்படுத்துவது. ‘5 மடங்கு’, ‘10 மடங்கு’ என்று குறிப்பிட்டு விற்பார்கள். கூடவே துளி சாம்பிராணிப் பிசின் சேர்த்தால் அடிவாசனை பிடித்துக்கொள்ளும். விலை ஏறும், ஆனால் 250 ரூபாய்ப் பொருளில் அதை எதிர்பார்ப்பது தப்பில்லை. துவட்டியபின் உடம்பில் மணக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். உருண்டையில் வாசனை எண்ணெய் ஒரு சதவீதம் என்றாலும் 1.2 கிராம்தான், 120 லிட்டரில் அது லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்.

பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழத்தின் எண்ணெய், சூடாக்காமல் பிழிந்தெடுத்த லைம் எண்ணெய், இரண்டில் எது லேபிளில் இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. அவற்றில் உள்ள ஃபியூரோகூமரின்கள் தோலில் தங்கி வெயில் பட்டால் எரிச்சலும் கருந்திட்டும் உண்டாக்கும். தொட்டி நீரில் அளவு மிகக் குறைந்துவிடுகிறது என்றாலும், ஊறியபின் நல்ல தண்ணீரில் ஒருமுறை உடம்பை அலசிவிட்டு வெளியே போவது நல்லது. பெர்கமாட் என்றால் ‘எஃப்.சி.எஃப்’ என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். அந்தப் பொருள் நீக்கியது என்று அர்த்தம். இந்த உருண்டையில் இரண்டும் இல்லை. சாதாரண ஆரஞ்சு எண்ணெய்க்கு இந்தக் குணம் கிடையாது, எலுமிச்சைக்கு ஓரளவு உண்டு.

இனி இதழ்கள். படத்தில் அழகு, தொட்டியில் தொல்லை. இந்த உருண்டையின் இரண்டு இதழ்களும் இரண்டு விதமாக நடந்துகொண்டன. காலண்டுலாவின் ஆரஞ்சு நிறம் கரோட்டினாய்டு வகை, தண்ணீரில் கரையாது. அதனால் கடைசிவரை பளிச்சென்று மிதந்தது. ரோஜாவின் நிறம் ஆந்தோசயனின். நீரில் கரையும், காரத்தில் நிறம் மாறும். பத்தாவது நிமிடத்தில் ரோஜா இதழ்கள் வடிகட்டியில் தங்கிய தேயிலையைப் போல ஆகிவிட்டன. செம்பருத்தி போட்டிருந்தால் இன்னும் மோசம், தண்ணீரே சாம்பல் நீலத்துக்குத் திரும்பும். லாவெண்டர் மொட்டு ஊறினால் எலிப்புழுக்கை மாதிரி இருக்கும். அதை எந்த விளம்பரப் படத்திலும் ஊறிய பிறகு காட்டமாட்டார்கள். இதழ் வேண்டும் என்றால் காலண்டுலா மட்டும் உள்ளதை எடுங்கள்.

‘மேரிகோல்ட்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் காலண்டுலா என்று முடிவு கட்ட வேண்டாம். மாலை கட்டுகிற துலுக்கச் சாமந்திக்கும் அதே பெயர்தான். இரண்டும் வேறு வேறு செடி, ஆனால் ஒரே சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனியம் பட்டால் தோல் தடிக்கிறவர்களுக்கு அந்தக் குடும்பமே ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு உண்டு. அவர்கள் இதழ் இல்லாததை வாங்குவதே பத்திரம்.

வடிகாலுக்கு வருவோம். ஊறிய காய்ந்த இதழ் காகிதக்கூழ் மாதிரி; தொட்டியின் வாயில் உள்ள பெரிய ஓட்டை வழியாக நழுவி, வளைகுழாயில் போய், தலைமுடியோடு சேர்ந்து கட்டிக்கொள்ளும். ஒரு தடவையில் அடைக்காது, நான்கைந்து தடவையில் தண்ணீர் மெதுவாக இறங்குவது தெரியும். தண்ணீர் விடுவதற்கு முன் வாயின் மேல் சிறு கண்ணுள்ள எவர்சில்வர் வடிகட்டியைக் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் உருண்டையையே மெல்லிய மல் துணிப் பையில் போட்டு முடிந்து விடுங்கள். நுரையும் வாசனையும் வரும், இதழ் பைக்குள் தங்கும். அப்படிச் செய்தால் இதழ் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீரைப் பீய்ச்சியடிக்கும் ஜக்கூஸி வகைத் தொட்டியில் இந்த மாதிரி உருண்டையைப் போடவே கூடாது. இதழும் எண்ணெயும் பம்புக்குள் போய்விட்டால் கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் தொட்டி கிடையாது. இருந்தாலும் 120 லிட்டர் என்பது ஏழெட்டு பக்கெட். லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்குமாடியில் அதற்கு மனசு வராது. கால் ஊறவைக்கும் டப்பில் பயன்படுத்தலாம், ஆனால் அளவில் கவனம் வேண்டும். ‘கால் பங்கு போடுங்கள்’ என்று பெட்டியில் இருக்கிறது. கால் பங்கு என்றால் 30 கிராம், டப்பில் பிடிப்பதோ 10 லிட்டர். தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் இங்கே மூன்று கிராம். எண்ணெயும் சாயமும் அதே கணக்கில் மூன்று மடங்கு. பித்தவெடிப்பு ஆழமாக இருந்தால் எரியும், குதிகால் ஓரத்தில் ஆரஞ்சுக் கறை பிடிக்கும். 15 கிராம் போதும், அதாவது எட்டில் ஒரு பங்கு. உருண்டையைத் துணியில் சுற்றி சப்பாத்திக் கட்டையால் ஒரு தட்டு தட்டினால் நான்கைந்து துண்டாகும். தராசு இல்லாவிட்டால் எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுத் துண்டைவிடச் சிறியதாக எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் ஊறியபின் குதிகால் இளகியிருக்கும், நுரைக்கல்லால் தேய்க்கச் சரியான பதம். அந்த இளக்கம் பெரும்பாலும் வெந்நீரின் வேலை. பக்கெட்டில் கரைத்துத் தலையோடு ஊற்றிக்கொள்வது மட்டும் வேண்டாம், சிட்ரஸ் எண்ணெய் கண்ணில் பட்டால் எரியும்.

போர் தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சின்ன இலாபம். வினையில் உண்டாகிற சோடியம் சிட்ரேட், கடின நீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் கொஞ்சம் மென்மையானதுபோல வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் எல்லாக் கால்சியமும் பிடிபடாது, அதே நீரில் சோப்புப் போட்டால் திரிதிரியாக அழுக்கு மிதக்கும். சோப்புக் குளியலை முதலில் முடித்துவிட்டு ஊறுவதே சரி.

வைப்பதைப் பொறுத்தவரை சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்கள் பாத் பாமுக்குப் பகை. காற்றின் ஈரமே வினையைத் தொடங்கிவைக்கும். உறை பிரித்து வெளியே வைத்த உருண்டையில் இரண்டு மூன்று நாளில் மேல் பரப்பு மரு மருவாகப் புடைக்கும், ஓரம் வெடிக்கும். இதழ்ப் பக்கம் முதலில் கெடும், ஏனென்றால் காய்ந்த இதழ் ஈரத்தை உறிஞ்சித் தனக்குக் கீழே உள்ள சோடாவுக்குக் கொடுக்கிறது. அதனால் வாங்கும்போதே இதழைச் சுற்றி வெள்ளைப் புடைப்போ, இதழில் கரும்புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது சீற்றம் குறைந்தது என்று காட்டும், இரண்டாவது பூஞ்சை. கரும்புள்ளி இருந்தால் குப்பைக்குத்தான். காற்றுப்புகாத டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். குளியலறை மாடத்தில் வைத்தால் நாள் கணக்குதான். தெர்மோகோல் பெட்டியில் வைக்க வேண்டாம், லிமோனீன் தெர்மோகோலைக் கரைக்கும். மார்பிள் மேடையில் ஈரக்கையோடு வைத்தாலும் சிட்ரிக் அமிலம் பட்ட இடம் பளபளப்பு இழக்கும். சித்திரை, வைகாசியில் கூரியரில் வரவழைத்தால் தேங்காய் எண்ணெய் உருகி உறையில் கறையாகியிருக்கலாம். அது கெட்டுப்போனதல்ல, அந்தப் பக்கம் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். தயாரித்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பழைய லிமோனீன் காற்றோடு வினைபுரிந்து ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறுகிறது. வாசனை ஆரஞ்சு மிட்டாயிலிருந்து டர்பன்டைன் பக்கம் திரும்பியிருந்தால் அதுதான் அடையாளம்.

படை, கரப்பான், திறந்த புண் உள்ளவர்கள், அடிக்கடி சிறுநீர்ப் பாதைத் தொற்று வருகிற பெண்கள், கைக்குழந்தைகள், இவர்களுக்கு இது வேண்டாம். மற்றவர்களும் முதல் தடவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் கரைத்த நீரைத் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு ஊறுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மதிப்பெண் பத்துக்கு ஆறு. அழுத்தத்துக்கும் லேபிள் நேர்மைக்கும் முழுசாகக் கொடுத்தாயிற்று. மதிப்பெண்ணைக் குறைத்தது வாசனையின் ஆயுளுக்கும், பாலிசார்பேட்டில் காட்டிய சிக்கனத்துக்கும், ரோஜாவுக்கும். இதே தயாரிப்பு இதழ் இல்லாமல் 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த முறை அதுதான். பூ வேண்டும் என்று தோன்றினால் நூறு கிராம் பன்னீர் ரோஜா வாங்கி, மருந்துத் தெளிப்பு போகும்படி இரண்டு தண்ணீரில் அலசி, நுரை அடங்கிய பிறகு உதிர்த்துப் போடுங்கள். வாசனையில் எலுமிச்சை விட்ட இடத்தைப் பன்னீர் ரோஜா கொஞ்சம் நிரப்பும். பச்சை இதழ் பெரிசாக, கூழாகாமல் மிதக்கும். தண்ணீரை விடுவதற்கு முன் கையாலேயே அள்ளிவிடலாம்.